ஒவ்வாத உடல்

இன்டெல் 4004 என்ற சில்லு 1971இல் வெளிவந்தது. ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் தன் மேசைக் கால்குலேட்டருக்காகக் கேட்டதால் பிறந்தது. உள்ளே ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்கள். ஒரு தடவைக்கு 4 பிட் அளவுள்ள எண்ணைத்தான் அதற்குக் கையாளத் தெரியும்; அதாவது பூஜ்யம் முதல் பதினைந்து வரை. டிமிட்ரி கிரின்பெர்க் என்ற பொறியாளர் 2024இல் இந்தச் சில்லில் லினக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிக் காட்டினார். சுவிட்சைப் போட்டதிலிருந்து லினக்ஸ் முழுதாக எழுந்து உட்கார 4.76 நாள் பிடித்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் போட்டால், வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டித்தான் அது நம்மிடம் கட்டளை கேட்கும்.

கேள்விப்பட்டவர்களில் பாதிப்பேர் 'வேலையற்ற வேலை' என்பார்கள். மீதிப்பேர் 'அபாரம்' என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போவார்கள். எனக்கு இந்த இரண்டுமே போதவில்லை. இந்த வீம்புக்குள் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

வழக்கமாக நடப்பது இதற்கு நேர் எதிர்த்திசையில். பழைய மென்பொருளைப் புதிய கணினியில் ஓட்டுவார்கள். அதற்குக் காசு இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார். ஐபிஎம் நிறுவனம் 1964இல் சிஸ்டம்/360 கணினி வரிசையை அறிவித்தபோது, அதன் சில மாடல்கள் பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களையும் ஓட்டும்படி செய்திருந்தது. 1401ஐ வைத்துச் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த கம்பெனிகள் போட்டியாளரிடம் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் காரணம். எமுலேட்டர் என்ற சொல் கணினி உலகில் புழக்கத்துக்கு வந்ததும் ஐபிஎம்மின் அந்தக் காலத்து வேலைகளிலிருந்துதான். புதியதைப் பழையதில் ஓட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை. செய்து விற்றவருக்கு நீங்கள் புதிய கணினி வாங்க வேண்டும். பழையதுக்கு உயிர் கொடுத்தால் அவருக்கு நஷ்டம். ஆகவே இந்த வேலை பெரும்பாலும் வீம்பு பிடித்தவர்களிடமும், வேறு வழியில்லாதவர்களிடமும் வந்து சேர்கிறது.

4004 எப்படி லினக்ஸை ஓட்டியது? உண்மையில் அது லினக்ஸை ஓட்டவே இல்லை. லினக்ஸ் கேட்பது 32 பிட் ப்ராசஸரை. கிரின்பெர்க் எழுதியது மிப்ஸ் என்ற 32 பிட் ப்ராசஸராக நடிக்கும் ஒரு சிறிய நிரல். 4004 அந்த நடிப்பை மட்டும் செய்கிறது. மிப்ஸின் கட்டளை ஒன்றை எடுக்கும், அது என்ன கேட்கிறது என்று பார்க்கும், தன் 4 பிட் கைகளால் அதைச் செய்து முடிக்கும், அடுத்ததை எடுக்கும். மிப்ஸ் இரண்டு எண்களைக் கூட்டு என்று ஒரே கட்டளையில் சொன்னால் 4004 எட்டுத் தவணையாகக் கூட்ட வேண்டும். கூட்டலாவது பரவாயில்லை. இரண்டு எண்களின் பிட்டுகளை ஒப்பிட்டு 'இதுவும் அதுவும்' என்றோ 'இது அல்லது அது' என்றோ சொல்லும் அடிப்படைத் தர்க்கக் கட்டளைகள்கூட 4004இல் கிடையாது. கால்குலேட்டருக்கு அவை தேவைப்படவில்லை. எனவே எண்ணைச் சுழற்றி ஒவ்வொரு பிட்டாக வெளியே எடுத்தோ, முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்தோதான் அதைச் சாதிக்க முடியும். ஒரு துணைநிரலிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பிவர அது நினைவில் வைத்திருக்கும் இடங்கள் மூன்றே. அது நேரடியாக எட்டக்கூடிய நிரல் நினைவகம் 4096 பைட். நல்ல வேகத்தில் ஓடினால் வினாடிக்குத் தொண்ணூறாயிரம் கட்டளைகளைச் செய்யும். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் மிப்ஸின் ஒரு கட்டளைக்கு இவற்றில் எத்தனையோ செலவாகிவிடும். லினக்ஸ் உட்காரும் அளவுக்கான நினைவகத்தை மட்டும் இக்காலத்துச் சில்லிலிருந்து கடன் வாங்கியிருந்தார். அது இல்லாமல் முடியாது.

இந்த விளையாட்டு அவருக்குப் புதிதல்ல. 2012இலேயே 8 பிட் சில்லு ஒன்றில், ஆர்ம் ப்ராசஸராக நடிக்கும் நிரலை எழுதி, அதன் மேல் உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பை ஏற்றியிருந்தார். துணி துவைக்கும் இயந்திரத்துக்கோ பொம்மைக்கோ போடுகிற வகைச் சில்லு அது. தன்னுள்ளே வைத்திருக்கும் வேலை நினைவகம் 16 கிலோபைட். பழைய கணினி நினைவகப் பலகை ஒன்றை அதனுடன் சேர்த்துப் பற்றவைத்தார். அவ்வகை நினைவகம் மறதி பிடித்தது. அடிக்கடி தொட்டு எழுப்பாவிட்டால் வைத்திருப்பதை இழந்துவிடும். அதை எழுப்பும் தனிச்சுற்று எதுவும் இல்லாததால் அந்த வேலையையும் பாவப்பட்ட அந்தச் சில்லே மென்பொருள் மூலம் பார்த்துக்கொண்டது. 24 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சில்லுக்குள் நடிக்கப்பட்ட ஆர்ம், சுமார் 6.5 கிலோஹெர்ட்ஸில் ஓடியது. கட்டளை வரி தோன்ற இரண்டு மணி நேரம், உபுண்டு முழுதாக எழ மேலும் நான்கு மணி நேரம்.

ஆலன் டூரிங் 1936இல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான். வேறு எந்த இயந்திரத்தின் வர்ணனையைக் கொடுத்தாலும் அதைப் போலவே நடந்துகொள்ளும் பொது இயந்திரம் ஒன்றைக் கட்டலாம் என்று அவர் நிறுவினார். அப்போது அப்படி ஒரு கணினி உலகத்தில் இல்லை. காகிதத்தில் ஒரு நாடா, அதில் எழுதி அழிக்கும் ஒரு தலை, அவ்வளவுதான். அந்த நிரூபணம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது: போதிய நாடா, போதிய நேரம். வேகத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு கணினியால் முடிவது இன்னொன்றால் முடியாது என்று நாம் சொல்லும்போதெல்லாம் உண்மையில் சொல்வது, 'அவ்வளவு நேரம் எங்களால் காத்திருக்க முடியாது' என்பதைத்தான். கணிதம் அனுமதித்த ஒன்றைப் பொறுமை மறுக்கிறது. கிரின்பெர்க் செய்தது, 88 ஆண்டுப் பழமையுள்ள ஒரு தேற்றத்தை அதன் கடைசி எல்லைவரை நம்பிப் பார்த்தது.

ஓர் உடலுக்குள் இன்னொன்று புகுந்து இயங்குவதற்குத் தமிழில் ஒரு பழைய கதை உண்டு. கைலாயத்திலிருந்து பொதிகைக்கு அகத்தியரைப் பார்க்கப் புறப்பட்ட யோகி ஒருவர், காவிரிக் கரையில் சாத்தனூர்ப் பக்கம் வரும்போது, மூலன் என்ற இடையன் இறந்துகிடக்கிறான். அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சுற்றி நின்று கதறுகின்றன. யோகி தன் உடலை ஓரிடத்தில் மறைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் போகிறார். பசுக்களின் துயரம் தீர்கிறது. மாலையில் அவை வீடு திரும்புகின்றன. தேடிவந்த மூலனின் மனைவியிடம் தனக்கும் அவளுக்கும் உறவில்லை என்கிறார் அவர். திரும்பிப் போய்ப் பார்த்தால் மறைத்துவைத்த சொந்த உடலைக் காணோம். மூலனின் உடலோடேயே திருவாவடுதுறையில் அமர்ந்து ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் ஆண்டு பாடினார் என்று முடிகிறது சேக்கிழார் சொல்லும் திருமூலர் வரலாறு. ஆண்டுக்கு ஒரு பாட்டு என்ற அந்த வேகம் எமுலேட்டர்களோடு பழகியவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பசுக்கள். யோகி சித்து காட்டுவதற்காகக் கூடு மாறவில்லை. சுற்றி நின்ற ஜீவன்களுக்கு அந்த உடல் எழுந்து நடந்தாக வேண்டியிருந்தது.

கிரின்பெர்க்கின் மேசையைச் சுற்றி எந்தப் பசுவும் இல்லை. கணினி வரலாற்றில் பசுக்கள் கதறிய தருணங்களும் உண்டு. அவற்றில் ஒன்றிரண்டைப் பார்க்கலாம்.

ஆப்பிள் II 1977இல் வந்தது. அதன் ப்ராசஸர் 6502. அதே காலத்தில் அலுவலக மென்பொருள்கள் பெரும்பாலும் சிபி/எம் என்ற இயங்குதளத்துக்கு எழுதப்பட்டன. அது 8080, இசட்80 வகை ப்ராசஸர்களில் ஓடுவது. வேர்ட்ஸ்டார் என்ற சொற்செயலி வேண்டுமானால் சிபி/எம் வேண்டும். ஆப்பிள் வாங்கியவர்களுக்கு அந்த வாசல் அடைத்திருந்தது. மைக்ரோசாஃப்டுக்கும் ஒரு சங்கடம் இருந்தது. அது எழுதி வைத்திருந்த நிரல்மொழிகளெல்லாம் 8080 குடும்பத்துக்கானவை. ஒவ்வொன்றையும் 6502க்கு மாற்றி எழுதுவது பெரும் செலவு. மென்பொருளை மாற்றுவதற்குப் பதில் கணினியை மாற்றிவிட்டால் என்ன என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலனுக்குத் தோன்றியது. 1980இல் சாஃப்ட்கார்டு வந்தது. விலை 349 டாலர். ஆப்பிளுக்குள் செருகுகிற ஓர் அட்டை, அதில் ஒரு இசட்80.

அட்டையைச் செருகியபின் நடப்பது விநோதமானது. இசட்80 ஓடும்போது 6502 நிறுத்திவைக்கப்படும். திரையில் எழுதவோ, வட்டிலிருந்து படிக்கவோ வேண்டியபோது 6502 எழுப்பப்பட்டு, வேலை முடிந்ததும் மறுபடி ஓய்வு. நினைவகத்திலும் தகராறு. நினைவகத்தின் ஆரம்பப் பகுதி தன் சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்பது 6502இன் பழக்கம். அதே இடத்தைத்தான் சிபி/எம்மும் கேட்கும். ஆகவே முகவரிகளை இடம் மாற்றிக் காட்டும் சுற்று ஒன்றை அட்டையில் வைத்தார்கள். இரண்டு ப்ராசஸர்களும் ஒரே நினைவகத்தைப் பார்த்தன. ஆனால் ஒன்று பார்த்த வரிசை வேறு, மற்றொன்று பார்த்த வரிசை வேறு.

இவ்வளவு செய்தும் உடல் தன் குறைகளைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. வேர்ட்ஸ்டார் எதிர்பார்ப்பது வரிக்கு 80 எழுத்து. ஆப்பிள் II திரையில் காட்டுவது 40. அதன் விசைப்பலகையில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளுக்கே வழி இல்லை. ஆகவே 80 எழுத்துக்கு இன்னொரு அட்டை, சிறிய எழுத்துகளுக்கு இன்னொரு ஏற்பாடு என்று வாங்கிச் செருகினார்கள். முடிவில் உள்ளிருந்தது ஆப்பிள்தானா என்று சந்தேகம் வரும். மூலனின் மனைவிக்கு வந்த சந்தேகமும் அதுவே. ஆனாலும் சாஃப்ட்கார்டு அந்த ஆண்டில் மைக்ரோசாஃப்டுக்குப் பெரும் வருமானம் தந்தது. சிபி/எம் ஓட்டிய கணினிகளில் அதிகப் பரவலாக இருந்தது அட்டை செருகிய ஆப்பிள்தான் என்ற நிலையும் வந்தது. அட்டையின் ஆரம்ப மாதிரிகளில் கைவைத்த டிம் பேட்டர்சன், அதே 1980இல் எழுதிய வேறொரு இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் பிறகு விலைக்கு வாங்கியது. அதுவே எம்எஸ்-டாஸ் ஆனது. அது வேறு கதை.

விண்டோஸ் 3.1 காலத்திலும் இப்படி ஓர் ஒட்டு இருந்தது. அது 16 பிட் உலகம். 32 பிட் நிரல்கள் விண்டோஸ் என்டிக்காக எழுதப்படத் தொடங்கியிருந்தன. வின்32எஸ் என்ற நூலகத் தொகுப்பை நிறுவினால் அவற்றில் சில, பழைய 3.1இலும் ஓடும், ஒரே நேரத்தில் பல இழைகளாகப் பிரிந்து வேலைசெய்யும் நிரல்கள் ஓடாது. மொசைக் உலாவியின் பிந்தைய பதிப்புகளை அந்தக் கணினிகளில் பார்க்க இதுவே வழி. நிறுவியது சரியாக அமர்ந்ததா என்று பார்க்க அத்தோடு ஒரு சீட்டாட்டத்தைத் தந்தார்கள்: ஃப்ரீசெல். ஆட்டம் ஓடினால் ஒட்டு பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிற்காலத்தில் எத்தனையோ அரசு அலுவலகங்களின் மதியப் பொழுதுகளைத் தின்ற ஃப்ரீசெல், பலரை முதலில் சந்தித்தது ஒரு பரிசோதனைக் கருவியாகத்தான்.

இனி நம்முடைய பசுக்கள்.

1990களில் கணினியில் தமிழ் படித்தவர்களுக்கு ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துரு வேண்டியிருந்தது. பாமினி, மயிலை, டிஸ்கி, 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட டேம், டேப் என்று பட்டியல் நீளும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தந்திரம் ஒன்றே. கணினி தன்னிடம் இருப்பது ரோமன் எழுத்து என்றே நம்பிக்கொண்டிருக்கும். எழுத்துரு மட்டும் அந்த இடங்களில் தமிழ் வடிவங்களை வரையும். எழுத்துருவை நீக்கினால் அம்மா என்று எழுதியது புரியாத ரோமன் எழுத்துக்குவியலாக நிற்கும். இயந்திரத்தைப் பொறுத்தவரை அங்கே தமிழே இல்லை. ஏமாற்று வேலைதான். ஆனால் எந்தப் பழைய விண்டோஸிலும் ஓடியது; அதற்காகவே அதை நேசித்தார்கள்.

யூனிகோடு வந்தபோது தமிழுக்கு முதன்முறையாகச் சொந்த இடம் கிடைத்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்று சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே உயிர்க்குறி ககரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். சேமித்த வரிசை வேறு, வரையும் வரிசை வேறு. இடையில் யாராவது அதை ஒழுங்குபடுத்தித் தர வேண்டும். விண்டோஸில் இந்த வேலைக்கு யூனிஸ்கிரைப் என்ற நூலகம் வந்தது. தமிழைத் தானாகவே அறிந்த முதல் விண்டோஸ் பதிப்பு விண்டோஸ் 2000. லதா எழுத்துருவும் அதில்தான் வந்தது.

2003 வாக்கில் இணையத்தில் யூனிகோடுத் தமிழ் பெருகத் தொடங்கியது. அப்போது உலாவு மையங்களிலும் வீடுகளிலும் நிறைய இருந்தது விண்டோஸ் 98. அதில் யூனிகோடுத் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்கள். எழுதுகிறவர்கள் புதிய உலகத்தில் எழுதினார்கள், படிக்க வேண்டியவர்கள் பழைய கணினியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். புதிய கணினி வாங்கு என்று சொல்வது எளிது. உலாவு மையத்தில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் படிக்கிறவரிடம் அதைச் சொல்ல முடியுமா? அங்கிருக்கும் கணினியில் ஓர் எழுத்துருவை நிறுவக்கூட அவருக்கு அனுமதி இருக்காது.

தீர்வின் பாதி மைக்ரோசாஃப்டிடமிருந்தே வந்தது. யூனிஸ்கிரைப் நூலகம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் புதிய பதிப்புகளோடு பழைய விண்டோஸ்களுக்கும் போய்ச் சேர்ந்தது. இதனால் விண்டோஸ் 98 என்ற உடலுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், அதற்குள் ஓடிய உலாவிக்குத் தமிழைக் கோக்கத் தெரிந்தது. அதே கணினியின் நோட்பேடில் ஒட்டினால் மறுபடி குப்பை. மறுபாதியைச் செய்தவர்களில் முக்கியமானவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி. அவர் உருவாக்கிய தேனீ என்ற யூனிகோடு எழுத்துருவை இயங்கு எழுத்துருவாகப் பக்கத்தோடேயே அனுப்பலாம். படிக்கிறவர் எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தைத் திறந்ததும் எழுத்துரு தானாக இறங்கி எக்ஸ்ப்ளோரருக்குள் மட்டும் வேலைசெய்யும், பக்கத்தை மூடியதும் மறைந்துவிடும். தமிழில் எழுதிய பலர் தங்கள் பக்கங்களில் தேனீயை இணைத்தார்கள். விண்டோஸ் 98இல் கட்டங்கள் எழுத்துகளாயின.

கிரின்பெர்க்கின் லினக்ஸைப் பற்றி உலகம் முழுவதும் பேசியது. தேனீயைப் பற்றி நாம் பேசியது குறைவு. வேலையின் தன்மையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு புதிய உலகத்தின் பொருளை, அதற்கென்று கட்டப்படாத பழைய உடலில் அசையவைத்தல். ஆனால் ஒன்றைச் சுற்றி ரசிகர்கள் நின்றார்கள். மற்றொன்றைச் சுற்றிப் படிக்கக் காத்திருந்தவர்கள் நின்றார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு.

விண்டோஸ் 98க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2006 ஜூலையில் முடித்துக்கொண்டது. உமர்தம்பி மறைந்ததும் அந்த ஆண்டில்தான்.

ஆதரவு முடிந்தது என்று நிறுவனங்கள் சொல்லும்போது ஏதோ உணவுப் பொட்டலத்தின் காலாவதித் தேதி போல அது நம் காதில் விழுகிறது. சில்லு புளிப்பதில்லை. முடிந்துபோனது யாரோ ஒருவரின் உழைப்பு. கேமரன் கைசர் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் 2005இல் பவர்பிசி ப்ராசஸர்களைக் கைவிட்டு இன்டெலுக்கு மாறுவதாக அறிவித்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் 2011இல் வந்த நான்காம் பதிப்போடு பவர்பிசி மேக்குகளை விட்டுவிட்டது. கைசர் அதன் மூலநிரலை எடுத்து டென்ஃபோர்ஃபாக்ஸ் என்ற பெயரில் அந்தப் பழைய மேக்குகளுக்குத் தொடர்ந்து தந்துகொண்டிருந்தார், 2021 வரை. சும்மா மறுபடி கம்பைல் செய்து தருகிற வேலை அல்ல அது. பல பைட் நீளமுள்ள எண்ணை எழுதும்போது பவர்பிசி பெரிய முனையை முதலில் வைக்கும், இன்டெல் சிறிய முனையை முதலில் வைக்கும். இணையத்தின் நிரல்கள் பல, உலகமே இன்டெல் என்று நினைத்து எழுதப்பட்டவை. அந்த நினைப்பு இடிக்கும் இடங்களையெல்லாம் அவர் சரிசெய்ய வேண்டியிருந்தது. பத்தாண்டுக்கு மேல் அந்தக் கணினிகள் இணையத்தில் உயிரோடு இருந்ததற்கு அவர்தான் பெருங்காரணம். அவர் நிறுத்தியதும் அவை பழசாயின.

நிறுவனங்களை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாகாது. லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 உள்ள கணினியில். 2012இன் இறுதியில் அந்த 386க்கான ஆதரவே லினக்ஸின் மூலநிரலிலிருந்து நீக்கப்பட்டது. தன் தொட்டிலை அது தானே எரித்துவிட்டது. காரணம் நேர்மையானது: 386க்காக வைத்திருந்த விசேஷ ஏற்பாடுகள் மற்ற எல்லா வேலைகளிலும் குறுக்கே வந்தன, சுமக்கவும் ஆள் இல்லை. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு, 2025இல் வெளியிட்ட 13ஆம் பதிப்பில் 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான நிறுவியைத் தரவில்லை. கட்டற்ற மென்பொருளிலும் கழித்துக்கட்டல் உண்டு. ஒரே வேறுபாடு, அங்கே மூலநிரல் திறந்து கிடக்கிறது. சுமக்க ஒருவர் வந்தால் சுமக்கலாம். கைசர் சுமந்தது அதனால்தான்.

இந்த இடத்தில் விண்டோஸ் 11ஐப் பார்க்க வேண்டும். அது பழைய கணினியை மறுப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று, வாசலில் நின்று சான்றிதழ் கேட்பது: டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இருக்கிறதா, ப்ராசஸர் எங்கள் பட்டியலில் இருக்கிறதா? இந்தச் சோதனையை ஏமாற்றித் தாண்டியவர்களின் கணினிகளில் விண்டோஸ் 11 ஓடத்தான் செய்கிறது. அதாவது உடல் ஒத்துப்போகிறது, விதி ஒத்துப்போகவில்லை. இரண்டாவது விதம் உண்மையான ஒவ்வாமை. 24எச்2 என்ற பதிப்பிலிருந்து விண்டோஸின் உட்பகுதியே பாப்கவுண்ட் போன்ற சில கட்டளைகளைக் கட்டாயமாகப் பயன்படுத்துகிறது. ஓர் எண்ணில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று எண்ணும் கட்டளை பாப்கவுண்ட். அது இல்லாத மிகப் பழைய ப்ராசஸர்களில் விண்டோஸ் எழவே எழாது. எந்தத் தந்திரமும் செல்லாது. இங்கேயும் ஒன்றைக் கவனிக்கலாம். ஒன்றுகளை எண்ணுவது பத்து வரி நிரலில் முடிகிற காரியம். தர்க்கக் கட்டளையே இல்லாத 4004ஐ வைத்து லினக்ஸை எழுப்ப முடிந்த உலகத்தில், அந்தப் பத்து வரியை எழுதுவதில்லை என்பது ஒரு முடிவு. அந்த முடிவுக்கு நியாயங்கள் இருக்கலாம். பாதுகாப்பு, பராமரிப்புச் செலவு, வேகம் எல்லாம் பொருட்படுத்த வேண்டியவையே. இருந்தாலும் 'உங்கள் கணினியால் முடியாது' என்ற வாக்கியம் பொய். 'உங்கள் கணினிக்காக நாங்கள் செய்ய மாட்டோம்' என்பதுதான் சரியான வாக்கியம்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று பொதுவாக முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11இன் பட்டியல், சில விதிவிலக்குகள் தவிர, 2017இன் பிற்பகுதியில் வந்த இன்டெல் ப்ராசஸர்களிலிருந்துதான் தொடங்குகிறது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் முதல் சில ஆண்டுகளில் வந்தவை எதுவும் அதில் இடம்பெறாது. அவற்றில் எத்தனையோ இன்னும் வீடுகளில் அலமாரி மேல் கிடக்கின்றன. பேட்டரி போயிருக்கும், மின்கம்பியைச் செருகினால் எழுந்துவிடும்.

அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அதில் 64 பிட் ப்ராசஸர் இருந்து, நினைவகமும் ஓரளவு இருந்தால் டெபியனோ லினக்ஸ் மின்டின் இலகுவான பதிப்போ இன்றைக்கும் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்களோடு. ஒரு பள்ளிக் குழந்தை தமிழில் தட்டச்சவும், படிக்கவும், நிரல் எழுதிப் பழகவும் அது போதும். விண்டோஸை அழிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வட்டில் யாராவது பாமினியிலோ வேறு பழைய எழுத்துருவிலோ தட்டச்சிய கோப்புகள் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஊர்க் கோயில் மலர், அப்பாவின் கவிதைகள், சங்கக் கணக்கு, எதுவாகவும் இருக்கலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவரும். அந்த மாற்றி விண்டோஸில் ஓடுவது. ஆகவே முதலில் மாற்றுங்கள், பிறகு அழியுங்கள்.